ரிங்கை மாற்றும் முன் மிஷினை மட்டமாக நிறுத்துங்கள்

கேள்வி: அண்ணாச்சி, களக்காடு பக்கம் இரண்டு ஏக்கரில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். களையெடுக்க மாசியில் 7 குதிரைத்திறன் பெட்ரோல் பவர் வீடர் வாங்கினேன். கடையில் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். போன வாரம் திறந்து பார்த்தால் குச்சியில் ஆயில் படவே இல்லை, நுனியில் ஒட்டிய கொஞ்சமும் தார் மாதிரி கறுப்பு. ஒரு லிட்டர் டப்பா வாங்கி முக்கால்வாசி ஊற்றினேன். மறுநாளே குபுகுபுவென்று புகை, ஏர் ஃபில்டர் முழுக்க ஆயில். ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள் கடையில். ரிங் மாற்றத்தான் வேண்டுமா? எந்தக் கம்பெனி ஆயில் ஊற்றினால் கறுக்காது?

பதில்: தம்பி, இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங் தேய்ந்தால் புகை நாள்பட்டுத்தான் கூடும். டப்பாவைக் கவிழ்த்த மறுநாளே வந்து நிற்காது.

ஒன்று கேட்கிறேன். ஆயில் பார்த்தபோது மிஷின் எப்படி நின்றது? வேலை முடிந்ததும் கைப்பிடியைத் தாழ்த்தி, கத்தி மேல் பின்னால் சாய்த்து விடுவதுதான் நம் வழக்கம். அப்படி நின்றால் உள்ளே இருக்கிற ஆயில் எல்லாம் பின்பக்கம் ஒதுங்கிவிடும். ஆயில் ஊற்றுகிற மூடி முன்பக்கம் இருந்தால் குச்சியில் ஒரு சொட்டும் படாது. மட்டமாக நின்றிருந்தால் அளவுக்கு மேல் ஊற்றும்போதே வாய் வழியாக வழிந்திருக்கும். சாய்ந்து நின்றதால் ஊற்றியதெல்லாம் உள்ளே போய்விட்டது. இந்த அளவு இன்ஜின் பிடிப்பதே சுமார் 600 மில்லிதான். ஏற்கெனவே இருந்ததோடு இன்னொரு முக்கால் லிட்டர் சேர்ந்தால் என்ன ஆகும்? உள்ளே சுற்றுகிற கிராங்க் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கும். நுரை காற்றுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் ஏறும். அங்கிருந்து கார்புரேட்டர், அப்புறம் சிலிண்டர். அதுதான் உங்கள் புகை. ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமலே ரிங் போச்சு என்று சொல்கிற கடைக்காரரிடம் மிஷினை விடவே கூடாது.

இப்போது ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிமெண்ட் தரையில் முன்பக்கமும் பின்பக்கமும் கட்டை கொடுத்து மட்டமாக நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் காயட்டும், ஆயில் இளகும். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, அடியில் தட்டு வைத்து, மூடியையும் டிரெயின் போல்ட்டையும் திறந்து முழுக்க வடியுங்கள். கயிறு இழுக்க வராமல் இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் நிற்கிறது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்தால் வெளியே வந்துவிடும். ஃபில்டரில் ஸ்பாஞ்சு என்றால் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். காகித ஃபில்டர் ஆயிலில் நனைந்தால் புதிதுதான் வாங்க வேண்டும். புது ஆயில் ஊற்றி ஓட்டும்போது சைலன்சரில் தங்கியது எரிகிற வரை கால் மணி நேரம் புகை வரும், பயப்பட வேண்டாம்.

கறுக்காத ஆயில் என்று ஒன்று கிடையாது. உள்ளே இருக்கிற கரியையும் அழுக்கையும் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதால்தான் அது கறுக்கிறது. அது அதன் வேலை. கம்பெனியைவிட ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டுகிற நம்பர்தான் முக்கியம். மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 10டபிள்யூ-30 என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு எஸ்ஏஇ 30 ஊற்றினாலும் சரிதான். சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள், டிரம்மில் இருந்து பிடித்துத் தருகிற ஆயில் வேண்டவே வேண்டாம். கூடவே சின்ன பாட்டிலில் ‘பவர் ஏற்றி’ என்று ஒன்றை நீட்டுவார்கள். அந்தக் காசுக்கு ஒரு ஏர் ஃபில்டர் வாங்கி வையுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கடையில் ஊற்றிய அந்த முதல் ஆயிலை எப்போது வடித்தீர்கள்? மாசியில் வாங்கியதிலிருந்து வடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கவலை இதில்தான். புது இன்ஜினில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் படிகிற காலம் முதல் சில மணி நேரம். அந்த உலோகப் பொடி போவதற்கு வேறு இடமில்லை, ஆயிலில்தான் மிதக்கும். இந்தச் சின்ன இன்ஜின்களில் காரில் உள்ளதுபோல ஆயில் ஃபில்டரும் கிடையாது, பம்பும் கிடையாது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடின் அடியில் இருக்கிற சின்னக் கரண்டிதான் ஆயிலை அள்ளி அள்ளி வீசுகிறது. பொடியோடு சேர்த்தே வீசும். அதனால்தான் முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் வடிக்கச் சொல்கிறார்கள், சில கம்பெனி 5 மணி நேரத்திலேயே. அதற்கப்புறம் 50 அல்லது 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை, புத்தகத்தில் உள்ளபடி. ‘வருஷத்துக்கு ஒரு தடவை போதும்’ என்று விற்கிற இடத்தில் சொல்வது தப்பு. வீடருக்கு வருஷக் கணக்கு ஆகாது, மணிக் கணக்குதான்.

வீடரில் கிலோமீட்டர் முள் இல்லை என்பார்கள். வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒரு நாள் பார்த்துக்கொண்டு, அப்புறம் ஊற்றுகிற லிட்டரை மட்டும் நோட்டில் எழுதுங்கள். மோட்டார் ரூம் சுவரில் கரியால் கோடு போட்டாலும் போதும்.

வடித்த ஆயிலைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கறுப்பு பரவினால் கவலையில்லை. மினுமினுவென்று பொடி தெரிந்தால் அது தேய்ந்த உலோகம். முதல் ஆயிலில் கொஞ்சம் இருக்கும். அடுத்ததிலும் அப்படியே இருந்தால் எனக்கு எழுதுங்கள். விரலில் தேய்த்தால் நறநறவென்றால் மண். ஏர் ஃபில்டர் சரியில்லை. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆடிக் காற்றில் உழுகிறவர்கள் ஃபில்டரைத் தினமும் தட்டத்தான் வேண்டும். பெட்ரோல் வாடை அடித்து அளவும் தானாக ஏறியிருந்தால், லோடு ஆட்டோவில் ஏற்றும்போது பெட்ரோல் குழாயை மூடவில்லை, அல்லது கார்புரேட்டர் ஊசி ஒழுகுகிறது.

கியர் பாக்ஸ் ஆயில் வேறு, அதன் மூடியும் வேறு. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தில் ஓட்டுகிறவர் நீங்கள், அதையும் ஒரு நாள் திறந்து பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

வடித்த ஆயிலைத் தயவுசெய்து வாய்க்காலில் விடாதீர்கள். மூடி போட்ட கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். புது ஆயிலில் மட்டமான தரையில் கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் புகை நிற்கவில்லை என்றால் அப்போது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்கச் சொல்லலாம். ரிங் பேச்சு அதற்கு அப்புறம்.