இரண்டு முகம், தேள் வால்: இந்தப் பரோக் கோட்டோவியத்தில் இருப்பவள் யார்?

17ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பரோக் பாணியில் பழுப்பு மையால் வரைந்த ஓவியம் ஒன்றின் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். “பெண்ணுக்கு இரண்டு முகம், கழுகின் கால், தேள் வால். கையில் ஏதோ பழங்கள். இவள் சூனியக்காரியா, பேயா?” என்பது அவர் கேள்வி.

இரண்டும் இல்லை. இவள் வஞ்சகம். குணங்களை ஆளாக வரைய பரோக் ஓவியர்கள் அதிகம் புரட்டிய கையேடு, இத்தாலிய எழுத்தாளர் செசாரே ரீப்பாவின் ‘இக்கொனொலோஜியா’. 1593இல் ரோமில் வெளியாகி, 1603இல் படங்களோடு மீண்டும் வந்தது. அதில் வஞ்சகத்துக்கு ஒரு முகம் இளமையும் அழகும், மறுமுகம் கிழடும் அவலட்சணமும். தேள் வால் மறைந்திருக்கும் விஷம். கழுகுக் கால் பிறர் பொருளைக் கவ்வும் பறவையின் நகம். நீங்கள் பழம் என்று நினைத்தவை இரண்டு இதயங்கள்: ஒன்றையே வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் காட்டும் மனம். மறுகையில் முகமூடி.

முகத்தை மட்டும் வைத்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். ரீப்பா விவேகத்துக்கும் இரண்டு முகம் கொடுக்கிறார். ஆனால் அவள் கையில் கண்ணாடி இருக்கும். அதனால் எப்போதும் கையிலிருப்பதை முதலில் பாருங்கள், பிறகு கால், கடைசியாக முகம்.

உங்கள் படத்தில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. ரீப்பா இதயங்களை வலக்கையில் வைக்கிறார். இங்கே அவை இடக்கையில். போட்டோவே இடவலம் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல்ஃபி கேமரா இதைச் செய்யும். அப்படி இல்லையென்றால், செப்புத்தகட்டில் செதுக்கத் தயாரித்த வரைவாக இருக்கலாம். தகட்டிலிருந்து அச்சாகும்போது இடவலம் மாறிவிடும் என்பதால் ஓவியர் முன்கூட்டியே மாற்றி வரைவார். அல்லது திரும்பி அச்சான படத்தைப் பார்த்து எடுத்த நகல்.

எது என்று அறிய, இருட்டறையில் டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய தாளோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். கோடுகளின் மேல் ஊசியால் அழுத்திய பள்ளம் ஓடினால், தாளின் பின்புறம் சிவப்பு அல்லது கறுப்புச் சுண்ணம் தேய்த்திருந்தால், தகட்டுக்கு மாற்றிய வரைவு. பள்ளமே இல்லாமல், கோடு தயங்கித் தயங்கி, நின்ற இடத்திலெல்லாம் மை தேங்கியிருந்தால் நகல் என்ற பக்கம்தான் சாய்வேன்.

ஒன்று மட்டும்: ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பழுப்பு மை பெரும்பாலும் இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் கலந்தது. அடர்ந்த கோடுகளில் தாளை அரித்திருக்கும். ஈரம் பட்டால் அரிப்பு பரவி, அந்தத் தேள் வால் இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.