டாரன்டுலா ஆசை, குறுக்கே நிற்கும் சட்டம்

கேள்வி: நான் வசிக்கும் நகரத்தில் டாரன்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தி, தேள் போன்றவற்றை வீட்டில் வைத்திருக்கத் தடை. கடைகளில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். இணையத்தில் ஒருவர், "பொம்மை என்று எழுதி பார்சலில் அனுப்பிவிடுகிறேன், முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டிவிடுங்கள்" என்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கப்போகும் ஒரு சிலந்தியால் யாருக்கு என்ன தொல்லை? வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும் இது உங்களுக்குத்தான் நஷ்டமான பேரம். நல்ல வளர்ப்பாளர்கள் "உயிரோடு வந்து சேரும்" என்று உத்தரவாதம் தருவார்கள். பார்சல் வந்த அன்றே பிரித்து, செத்திருந்தால் படம் எடுத்து அனுப்பினால், பணமோ வேறு சிலந்தியோ கிடைக்கும். பொம்மை என்று எழுதி வந்த பெட்டிக்குள் சிலந்தி சுருண்டு கிடந்தால் எந்த வாயால் புகார் சொல்வீர்கள்? பெட்டியே வராமல் போனாலும் அதே கதைதான். இது அந்த விற்பனையாளருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்கிறார். வழியில் பிடிபட்டால் அனுப்பியவர் முகவரி பொய்யாக இருக்கும், உங்களுடையது மட்டும் உண்மையாக இருக்கும்.

"யாருக்கு என்ன தொல்லை" என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டாரன்டுலாக்கள் பெரும்பாலும் சாதுவானவை. மிரண்டால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய ரோமங்களை உதறும். தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் மரங்களில் வாழும் பொசிலோத்தீரியா இனங்களுக்கு அந்த ரோமம் கிடையாது, நேராகக் கடிக்கும். கடிபட்டவருக்குத் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். சட்டம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை அந்தச் சிலந்தி வந்த வழியில் இருக்கிறது. 2024 நவம்பரில் பெரு நாட்டின் லிமா விமான நிலையத்தில், 320 டாரன்டுலாக்களையும் 110 பூரான்களையும் உடம்போடு கட்டிக்கொண்டு வந்த ஒரு பயணியைப் பிடித்தார்கள். பொய்ப் பெயரில் வரும் பார்சலின் ஊற்றுக்கண் இந்த மாதிரி இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தடை என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், அந்த விதியைப் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் படித்திருப்பதில்லை. விதிகள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒன்று, "இவையெல்லாம் கூடாது" என்று பட்டியல் போடுவது. இன்னொன்று, "இவை மட்டும்தான் கூடும்" என்பது. சிங்கப்பூர் இரண்டாவது வகை. அங்கே அனுமதிப் பட்டியலில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நிலத் துறவி நண்டு உண்டு, டாரன்டுலா கிடையாது. பட்டியலில் இல்லாததை "தடை என்று எங்கேயும் எழுதவில்லையே" என்று அங்கே வாதாட முடியாது.

முதல் வகைக்கு நியூயார்க் நகரம். அதன் சுகாதார விதித்தொகுப்பின் 161ஆம் பகுதி டாரன்டுலா, பிளாக் விடோ, சாலிஃபூகிட் (ஒட்டகச் சிலந்தி), தேள், பூரான் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. அதோடு விடவில்லை, "விஷமுள்ள எல்லாச் சிலந்திகளும்" என்றும் எழுதியிருக்கிறது. இங்கேதான் சிக்கல். உலகத்தில் ஏறக்குறைய எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு. உலோபோரிடே என்ற குடும்பம்தான் பெரிய விதிவிலக்கு, அதற்கு விஷச் சுரப்பியே கிடையாது. ஆக, அரை விரல் நீளம்கூட இல்லாத, பெரிய கண்களோடு நம்மைத் திரும்பிப் பார்க்கும் தாவும் சிலந்தியும் எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இந்த வரிக்குள் மாட்டிக்கொள்ளும். "தாவும் சிலந்திக்கெல்லாம் தடை இல்லை" என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னால், அவர் தன் சரக்கைச் சொல்கிறார், சட்டத்தை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் விஷச் சிலந்திகளோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும் சாலிஃபூகிட் உண்மையில் ஒரு சிலந்தியே அல்ல, அதற்கு விஷம் இல்லை என்பதுதான் பொதுவான கருத்து. இருந்தாலும் பெயர் ஏறிவிட்டதே! விலங்கியலை எடுத்துக்காட்டி அபராதத்திலிருந்து தப்ப முடியாது. இதன் மறுபக்கமும் உண்டு. சாட்டைத் தேள், வாலில்லாச் சாட்டைத் தேள் என்ற இரண்டுக்கும் விஷமே கிடையாது. முதலாவது, சீண்டினால் காடி வாசம் அடிக்கும் அமிலத்தைப் பீச்சும், அவ்வளவுதான். உண்மையில் இவை தேளும் அல்ல. ஆனால் பெயரில் "தேள்" இருப்பதைப் பார்க்கும் அதிகாரி என்ன நினைப்பார்? ஆகவே அறிவியல் பெயரைக் குறிப்பிட்டு, "இதை வளர்க்கலாமா" என்று உங்கள் நகரத்து விலங்கு அல்லது சுகாதாரத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். போனில் யாரோ "பரவாயில்லை" என்று சொன்னது நாளைக்கு உதவாது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கேள்வி: சிலந்தி, தேள் எதுவும் வேண்டாம். பத்து வயது மகளுக்குக் குச்சிப்பூச்சியோ பெரிய நத்தையோ வாங்கித் தரலாமா? இவற்றுக்கு விஷம் இல்லையே.

பதில்: விஷம் இல்லைதான். ஆனால் இலை தின்னும் எதுவும் சுகாதாரத் துறையைத் தாண்டி வேளாண் துறையின் கண்ணில் படும். அமெரிக்காவில் குச்சிப்பூச்சிக்கே வேளாண் துறையின் அனுமதி வேண்டும். ராட்சத ஆப்பிரிக்க நத்தைக்கு அங்கே இடமே இல்லை. காரணம் சும்மா இல்லை. 1966இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்றே மூன்று நத்தைகளை மயாமிக்கு எடுத்துப் போனான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருடத்தில் 18,000க்கும் மேற்பட்ட நத்தைகள். ஒழித்துக்கட்ட 10 லட்சம் டாலருக்கு மேல் செலவு. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். எலி நுரையீரல் புழுவையும் சுமக்கும், குழந்தை கையில் கொடுக்க ஏற்றதல்ல.

உங்கள் ஊர் விதி அனுமதித்தால் குச்சிப்பூச்சி நல்ல தேர்வு. உலகம் முழுக்க வகுப்பறைகளிலும் ஆய்வகங்களிலும் வளரும் "இந்தியக் குச்சிப்பூச்சி" நம் தமிழ்நாட்டுப் பூச்சிதான், கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் அதன் பூர்வீகங்களில் ஒன்று. ஆண் இல்லாமலே முட்டையிடும், அதுதான் பிரச்சினையும். மூடி போட்ட குட்டிப் பீப்பாய் மாதிரி இருக்கும் முட்டைகள் பெட்டியின் அடியில் எச்சத்தோடு கலந்து கிடக்கும். நான் வளர்த்தபோது முதல் மாதம் அவற்றைக் குப்பை என்றே நினைத்தேன். பெட்டியைத் துடைத்ததை அப்படியே வெளியே கொட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் டாரன்டுலாவுக்குத் தடை இல்லை. ஆனால் எல்லா விற்பனையாளரும் "வளர்ப்பில் பிறந்தது" என்கிறார்கள். எப்படி நம்புவது?

பதில்: அறிவியல் பெயர், முட்டை பொரிந்த காலம், கடைசியாகத் தோல் உரித்த தேதி, ஆணா பெண்ணா. இந்த நான்கையும் கேளுங்கள். தானே வளர்த்தவர் உடனே சொல்வார். "மெக்சிகோ சிவப்பு முழங்கால்" என்ற பொதுப்பெயரோடு நிறுத்துபவரிடம் ஜாக்கிரதை. சிவப்பு முழங்கால் அடங்கிய பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, பொசிலோத்தீரியா 2019இல் சேர்ந்தது, பேரரசத் தேளும் உண்டு. எல்லை தாண்டி வந்தால் இவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் உள்ள பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு முழங்கால் இனத்தையே 2017இல் ஸ்மித்தி, ஹமோரி என்று இரண்டாகத் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள், ஸ்மித்தி என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஹமோரி.

பெரிய சிலந்தி மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். பல இனங்கள் வளர வருடக்கணக்கில் ஆகும். அத்தனை வருடம் தீனி போட்டு வளர்த்ததை யார் மலிவாகக் கொடுப்பார்? ஒன்று காட்டில் பிடித்ததாக இருக்கும், இல்லையென்றால் வயதுக்கு வந்த ஆணாக இருக்கும். சிவப்பு முழங்காலில் பெண் 20 வருடத்துக்கு மேல் வாழும். ஆண் கடைசித் தோலை உரித்த பிறகு பெரும்பாலும் ஓரிரு வருடம்தான். படத்தைப் பெரிதாக்கி, வாயருகே உள்ள குட்டிக் கால்களின் நுனியைப் பாருங்கள். குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல உப்பியிருந்தால் வயதுவந்த ஆண். பல இனங்களில் முன்னங்காலின் அடியில் சின்னக் கொக்கியும் தெரியும்.

"வளர்ப்பில் பிறந்த துறவி நண்டு" என்று விற்றால் பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள். அதன் குஞ்சுகள் கடல்நீரில்தான் வளரும், வீட்டில் இனப்பெருக்கம் செய்வது அபூர்வம். கடைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பொறுக்கியவை.

கேள்வி: எறும்பு வளர்ப்பதற்குமா சட்டம்?

பதில்: ஆமாம். 2025இல் கென்யாவிலிருந்து சுமார் 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சு அடைத்த சோதனைக் குழாய்களில் கடத்த முயன்ற இரண்டு பெல்ஜியம் இளைஞர்களுக்கு, தலா 10 லட்சம் ஷில்லிங் அபராதம் அல்லது ஒரு வருடச் சிறை என்று தீர்ப்பானது. உங்கள் வட்டாரத்திலேயே பறக்கும் பருவத்தில் கிடைக்கும் ராணி போதும். வெளிநாட்டு ராணி ஊரில் தப்பித்துப்போனால் திரும்பப் பிடிக்க முடியாது.

கேள்வி: வேலை மாற்றத்தால் தடை உள்ள நகரத்துக்குக் குடிபோகிறேன். என்னிடம் ஆறு வருடமாக ஒரு பெண் டாரன்டுலா இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தோட்டத்திலோ காட்டிலோ விடுவது அதற்கும் நல்லதல்ல, அந்த இடத்துக்கும் நல்லதல்ல. குடிபோகும் முன்பே, தடை இல்லாத இடத்தில் உள்ள வளர்ப்பாளரிடமோ பூச்சிக் காட்சியகத்திடமோ கேளுங்கள். ஆறு வருடம் வளர்த்த பெண் சிலந்தி என்றால் வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது மேல். காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவில் ஈரமான காகிதத் துண்டைத் திணித்து, அசையாதபடி வைத்துக் கொண்டுபோகலாம். தீனியை மறுத்து, வயிற்றின் வழுக்கைப் பகுதி கறுத்திருந்தால் தோல் உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது தொடாதீர்கள். உரித்த பிறகும் இரண்டு வாரமாவது ஆறவிட்டுக் கொண்டுபோங்கள்.