உறுதிமொழியில் கடவுளுக்கு இடம் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் பேரன், பள்ளியில் தினமும் காலையில் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியை, நெஞ்சில் கை வைத்து எனக்குச் சொல்லிக்காட்டினான். அதில் 'கடவுளின் கீழ் ஒரே தேசம்' என்று வருகிறது. எனக்கு மனம் குளிர்ந்தது. மருமகனோ, அரசாங்க உறுதிமொழியில் கடவுளுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கிறார். விளக்கேற்றாமல் ஒரு நாளும் இராத எனக்கு இதில் தவறு எதுவும் தெரியவில்லை. யார் சொல்வது சரி? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: என் ஓட்டு உங்கள் மருமகனுக்குத்தான். நானும் உங்களைப் போல விளக்கேற்றுகிறவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த உறுதிமொழியை 1892-ஆம் ஆண்டு எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார். கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த 400-ஆம் ஆண்டு நிறைவைப் பள்ளிகளில் கொண்டாடுவதற்காக, ஓர் இதழில் வெளியான வாசகம் அது. கொடிக்கும் குடியரசுக்கும் பற்றுறுதி கூறி, 'ஒரே தேசம், பிரிக்க முடியாதது, அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்' என்று முடியும் அந்த மூலத்தில் கடவுள் எங்குமே இல்லை. ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்து பழகிய ஒருவருக்கு அந்தப் பெயர் மறந்துபோயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1942-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் ஏற்றியபோதும் அந்தச் சொல் சேரவில்லை. ஆக, 62 ஆண்டுகள் அமெரிக்கப் பிள்ளைகள் கடவுள் பெயரைச் சொல்லாமலேயே நாட்டுப்பற்றை உறுதிப்படுத்தி வந்தார்கள். அந்தக் காலத்தில்தான் இரண்டு உலகப் போர்களும் நடந்து முடிந்தன.

மாற்றம் வந்தது சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் முற்றியிருந்த நேரத்தில். 'கொலம்பஸ் வீரர்கள்' என்ற கத்தோலிக்க அமைப்பு 1951 முதலே தன் கூட்டங்களில் அந்தச் சொற்களைச் சேர்த்துச் சொல்லி வந்தது. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில், ஸ்காட்லாந்தில் பிறந்த ஜார்ஜ் டாகர்ட்டி என்ற போதகர், குடியரசுத் தலைவர் ஐசனோவர் எதிரே அமர்ந்திருக்க, இந்த உறுதிமொழியை எந்தக் குடியரசும் தனதென்று சொல்லிக்கொள்ளலாம், மாஸ்கோச் சிறுவர்கள்கூடத் தங்கள் கொடிக்கு இப்படியே சொல்லலாம் என்ற பொருளில் பிரசங்கித்தார். அதே ஆண்டு ஜூன் 14 அன்று ஐசனோவர் சட்டத்திருத்தத்தில் கையெழுத்திட்டார். பக்தி பெருகி வந்த சொல் என்பதைவிட, எதிரியிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட நட்ட எல்லைக்கல் என்றே அதைச் சொல்ல வேண்டும். அந்தக் கல்லை எங்கே நட்டார்கள் என்று பாருங்கள்: 'ஒரே தேசம்' என்பதற்கும் 'பிரிக்க முடியாதது' என்பதற்கும் நடுவே!

அது எந்தக் கடவுள் என்பது அடுத்த சிக்கல். உங்களுக்கு அது முருகனாகவோ அம்பாளாகவோ கேட்டிருக்கலாம். சட்டம் இயற்றியவர்களின் மனத்தில் இருந்தது பைபிளின் கடவுள். படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரை ஏற்காத பௌத்தர்களும் சமணர்களும் அந்த வரியில் தம்மை எங்கே பொருத்திக்கொள்வார்கள்? மைக்கேல் நியூடோ என்ற கலிபோர்னியாக்காரர் இந்தச் சொற்களை எதிர்த்துத் தன் மகளுக்காகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பௌத்த அமைப்புகளும் அவர் தரப்பை ஆதரித்து மனு அளித்தன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் மகளை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்ற தகராறைக் காரணம் காட்டி, வழக்காடும் தகுதி அவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் முடித்துவிட்டதால், மூலக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

அந்தத் தீர்ப்போடு தனிக் கருத்து எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர், இத்தகைய சொற்கள் சம்பிரதாயமாகிவிட்டவை, வழிபாடு ஆகமாட்டா என்ற வகையில் அவற்றை ஆதரித்தார். பக்தர்கள் வருந்த வேண்டிய இடம் இதுதான் என்பேன். கடவுளின் பெயரை உறுதிமொழியில் தக்கவைக்க, அந்தப் பெயருக்கு அங்கே பெரிய பொருள் ஏதுமில்லை என்று வாதிட வேண்டியிருக்கிறது. விளக்கேற்றும்போது நீங்கள் சொல்லும் பெயரைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா?

கேள்வி: நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரும் பதவியேற்பவரும் கடவுள் பெயரால் சத்தியம் செய்கிறார்களே. அதை ஏற்கும்போது, இதை மட்டும் மறுப்பது எப்படி?

பதில்: சத்தியப்பிரமாணத்தில் கடவுள் சாட்சியாக வருகிறார். பொய் சொன்னால் என்னைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று ஒரு மனிதர் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறார்; அது அவருக்கும் அவருடைய கடவுளுக்கும் இடையிலான விஷயம். கொடி உறுதிமொழியில் கடவுள் தேசத்துக்கு அடைமொழியாக வருகிறார். சொல்பவரின் நம்பிக்கையை அது சொல்லவில்லை. நாடு முழுவதையும் பற்றிய ஒரு கூற்றை, அதை எடைபோட வயதில்லாத பிள்ளையின் வாயால் சொல்லவைக்கிறது.

தவிர, சத்தியத்தில் மாற்றுவழி உண்டு. கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி மட்டும் கூற அமெரிக்க அரசியல் சாசனமே இடம் தருகிறது; குடியுரிமை ஏற்பவரும் 'கடவுள் துணைபுரிவாராக' என்ற கடைசிச் சொற்களை விட்டுவிடலாம். பிரிட்டனில் இந்த உரிமை எளிதில் வந்துவிடவில்லை. 1880-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாத்திகர் சார்லஸ் பிராட்லா, எந்த வழியில் உறுதி ஏற்பது என்ற தகராறில், மீண்டும் மீண்டும் வென்றும் 1886 வரை நாடாளுமன்றத்தில் முறையாக அமர முடியவில்லை; 1888-இல்தான் அதற்கான சட்டம் நிறைவேறியது. ஆஸ்திரேலியா இன்னும் எளிமையாகத் தீர்த்தது: அங்கே 1994 முதல் குடியுரிமை உறுதிமொழிக்கு இரண்டு வடிவங்கள், ஒன்றில் கடவுள் உண்டு, மற்றதில் இல்லை, எது வேண்டுமோ அதைச் சொல்லலாம். வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது அப்படிப்பட்ட தேர்வுக்கு இடமேது?

கேள்வி: எங்கள் மலேசியாவின் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவில் இறைநம்பிக்கையே முதல் கோட்பாடு. அதையும் குறை சொல்வீர்களா?

பதில்: 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970-இல், பல இன மக்களை இணைக்க அறிவிக்கப்பட்ட கோட்பாடுகள் அவை. இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாகக் குறிப்பிடும் அரசியல் சாசனத்தோடு அந்த வரி முரண்படவில்லை. அமெரிக்காவிலோ அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என்பதே சாசன விதி. ஆயினும் நம்பிக்கை இல்லாதவர் அந்த முதல் வரியில் என்ன செய்வார் என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது. உங்கள் அண்டை நாடான சிங்கப்பூரின் உறுதிமொழி மதத்தைக் குறிப்பிடுகிறது. இனம், மொழி, மதம் என்ற வேறுபாடு பாராமல் ஒன்றுபடுவோம் என்று சொல்வதற்காக மட்டும். 1966-இல் அதன் வரைவை எழுதிய சி. ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பிள்ளை உறுதிமொழி சொல்ல மறுத்தால் பள்ளி தண்டிக்குமா?

பதில்: தண்டிக்க முடியாது. ஆனால் ஒருகாலத்தில் தண்டித்தார்கள். 1935-இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, 12 வயது அக்காளும் 10 வயது தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடவுளைத் தவிர வேறெதையும் வணங்கக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதாவது, அவர்கள் மறுத்ததே கடவுளுக்காக! 1940-இல் உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் அந்தப் பிரிவினர் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1943 ஜூன் 14 அன்று, மேற்கு வர்ஜீனிய வழக்கொன்றில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டு, எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. இன்றும் புளோரிடா போன்ற சில மாநிலங்களில், சொல்லாமல் இருக்கப் பெற்றோரின் கடிதம் தேவை. முதல் கேள்வி கேட்ட வாசகியின் மருமகனுக்கு மனத்தாங்கல் நீடித்தால், தங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதலாம். ஆனால் அதற்கு முன் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்; வகுப்பில் எல்லாரும் எழுந்து சொல்லும்போது வாய்திறக்காமல் நிற்கப்போவது அவன்தானே.