கிண்ணத்தில் இருந்த சீட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 'வாஷிங்டன் மனது வைத்தால் இது ஒரே நாளில் முடியும்' என்று எழுதியிருந்தீர்கள். நான் 14 வருஷமாக வர்ஜீனியா மாநிலத்தில், ரோனோக் நகரில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கி ஆறு வருஷமாகிறது.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஏழெட்டுத் துப்பாக்கிகள் உண்டு. நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குப் போவார். ஒரு குளிர்காலத்தில் பனியில் என் கார் சிக்கிக்கொண்டபோது, ராத்திரி பத்து மணிக்கு வந்து இழுத்துக் கொடுத்தவர் அவர்தான். 2020 ஜனவரியில் ரிச்மண்டில் நடந்த துப்பாக்கி உரிமைப் பேரணிக்கும் போனார். அவரை வெறியர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு பக்கம், என் எட்டு வயது மகளுக்குப் பள்ளியில், யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் ஒளிந்துகொள்வதற்கான 'லாக்டவுன்' பயிற்சி நடக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, கதவிலிருந்து பார்த்தால் தெரியாத சுவரோரமாகச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். அன்று சாயங்காலம் வந்து, "அப்பா, அப்ப எனக்குத் தும்மல் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நம் ஊர்போல நாடு முழுக்க ஒரே சட்டம், லைசென்ஸ் என்று இங்கே ஏன் வரவில்லை? என்னைப் போன்ற ஒருவன் இதில் என்ன செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம்), ரோனோக்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது.

நான் எழுதிய அந்த வரி தவறு. துப்பாக்கிச் சட்டத்தின் எலும்புக்கூடு மட்டும்தான் வாஷிங்டனில் இருக்கிறது. யார் வாங்கலாம், சோதனை எப்படி, எங்கே எடுத்துப் போகலாம், ஆபத்தானவர் கையிலிருந்து எப்படி வாங்கி வைப்பது என்பதில் பெரும்பகுதியை மாநிலச் சட்டமன்றங்கள்தான் முடிவு செய்கின்றன. உங்களுக்கு அது மாநிலத் தலைநகர் ரிச்மண்ட்.

நம் ஊரில் ஆயுதம் மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுக்கப் பொருந்தும். துப்பாக்கி வைத்திருப்பது இங்கே உரிமை கிடையாது, அரசு தரும் அனுமதி. காட்டுப்பன்றிக்குப் பயந்து லைசென்ஸ் வாங்கிய விவசாயிகூடத் தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவார். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. வர்ஜீனியாவில் கதை வேறு. அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் 1791-இல் வந்தது. அதற்கு 15 வருஷம் முன்பே, 1776-இல், ஜார்ஜ் மேசன் எழுதிய வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தில் ஆயுதம் தரித்த மக்கள்படையைப் பற்றிய வாசகம் இருக்கிறது. ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையில் கை வைக்கக் கூடாது என்ற வாசகத்தை 1971-இல் மாநில அரசியல் சாசனத்தில் தனியாகச் சேர்த்தார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது, நாம் ஓட்டுரிமையைப் பற்றிப் பேசுகிற குரலில் பேசுவார். அது நடிப்பு இல்லை.

இனி உங்கள் ஊருக்கே வருகிறேன். 2019 அக்டோபரில் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தபோது பிளாக்ஸ்பர்க் போனேன். ரோனோக்கிலிருந்து முக்கால் மணி நேரம்தானே. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், பர்ரஸ் ஹாலுக்கு முன்னால், புல்வெளி ஓரத்தில், 2007-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 32 பேருக்காக 32 கற்கள் அரைவட்டமாக நிற்கின்றன. அந்தப் பகுதியில் வெட்டி எடுக்கும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். முகம் கரடுமுரடாக இருக்கும், பெயர் மட்டும் வழவழப்பான இடத்தில் செதுக்கியிருக்கும். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்துக்கொண்டே வந்தேன். லோகநாதன் என்ற பெயர் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கல்மேல் யாரோ இரண்டு கூழாங்கற்களையும் ஒரு மஞ்சள் பூவையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பூ வாடி, காம்பு கல்லோடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்தவர். நான் சத்தியமங்கலத்துக்காரன். கோபி என்றால் எங்களுக்குக் கொடிவேரி அணையும், அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும்தான். வாய்க்கால் கரையில் வளர்ந்த பிள்ளை நீரியல் படித்ததில் ஆச்சரியம் இல்லை. கோவை பி.எஸ்.ஜி., கான்பூர் ஐ.ஐ.டி., பர்டியூ என்று போய், 25 வருஷம் பிளாக்ஸ்பர்க்கில் பாடம் நடத்தினார். 2007 ஏப்ரல் 16 காலையில் நோரிஸ் ஹாலில் அவருடைய நீரியல் வகுப்புக்குள் கொலையாளி நுழைந்தான்.

கொலையாளி அந்தப் பல்கலைக்கழகத்து மாணவன்தான். அவன் துப்பாக்கிகளைத் திருடவில்லை. ஒன்றை பிப்ரவரியில் பிளாக்ஸ்பர்க்கில் வாங்கினான். இன்னொன்றை மார்ச்சில் உங்கள் ரோனோக்கில் ஒரு கடையில் வாங்கினான். நடுவில் ஏன் ஒரு மாதம்? ஒரு மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்று அப்போது வர்ஜீனியாவில் சட்டம் இருந்தது. அதன்படி நடந்துகொண்டான். வாங்குபவருக்குச் சட்டப்படி தடை உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையில் இரண்டு முறையும் தேறினான்.

தேறியிருக்கவே கூடாது. 2005 டிசம்பரில் ஒரு நீதி அதிகாரி, இவனால் இவனுக்கே ஆபத்து என்று சொல்லி, மனநலச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தார். மத்தியச் சட்டப்படி அப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரை மட்டும்தான் வர்ஜீனியா, துப்பாக்கி விற்கக் கூடாதவர்களின் பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இவனுக்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்கச் சொல்லித்தான் உத்தரவு. அதனால் இவன் பெயர் போகவில்லை. கடைக்காரர் கணினியில் தட்டியபோது தடை எதுவும் வரவில்லை. இத்தனைக்கும் துப்பாக்கி வாங்குபவரை உடனுக்குடன் சோதிக்கும் முறையை 1989-இல் நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது வர்ஜீனியாதான்.

அந்த ஓட்டையை அடைக்க எத்தனை நாள் ஆனது தெரியுமா? இரண்டு வாரம். அப்போது ஆளுநராக இருந்த டிம் கெய்ன் ஏப்ரல் 30 அன்று ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். அமெரிக்க நாடாளுமன்றம் இது சம்பந்தமாகச் சட்டம் போட்டு அதிபர் புஷ் கையெழுத்திட்டது 2008 ஜனவரியில். 32 பேர் செத்த பிறகு போட முடிந்த அந்தக் கையெழுத்தை அதற்கு முன்பே போட்டிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாநிலத்தின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தக் கல்லுக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது.

ஆறியது வேறு சிலருக்கு. மாதம் ஒரு கைத்துப்பாக்கிச் சட்டத்தை 1993-இல் ஆளுநர் டக்ளஸ் வைல்டர் கொண்டுவந்திருந்தார். வர்ஜீனியாவில் மொத்தமாக வாங்கி, 95-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக நியூயார்க் வரை கொண்டுபோய் விற்பவர்களைத் தடுக்க வந்த சட்டம் அது. 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து வருவதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில். 2017 நவம்பரில் வர்ஜீனியா கீழவைத் தேர்தல். நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் 94-ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸும் போட்டியிட்டார்கள். மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரு ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் நீதிபதிகள் ஒரே ஒரு வாக்குச்சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் இரண்டு பெயருக்கும் வட்டம் நிரப்பி, சைமண்ட்ஸின் வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. அதை யான்சி கணக்கில் சேர்த்தார்கள். ஆளுக்கு 11,608. சட்டப்படி குலுக்கல். 2018 ஜனவரி 4 அன்று, பழைய கேமரா ஃபிலிம் டப்பா இரண்டில் ஆளுக்கொரு பெயரைப் போட்டு, நீலப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, ஒன்றை எடுத்தார்கள். நம் உத்திரமேரூர் குடவோலை மாதிரியேதான். யான்சி பெயர் வந்தது. அவையில் குடியரசுக் கட்சிக்கு 51, எதிர்த்தரப்புக்கு 49.

அந்தச் சீட்டு என்ன செய்தது என்று பாருங்கள். 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் மாநகராட்சிக் கட்டடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் ஜூலை 9-இல் சிறப்புக் கூட்டம் கூட்டினார். சுமார் 90 நிமிஷத்தில், ஒரு மசோதாவின் மேல்கூட ஓட்டெடுக்காமல், தேர்தல் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று, கட்டுப்பாடுகளை எதிர்த்த குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை ஒத்திவைத்துவிட்டுக் கலைந்தது. அந்த நவம்பரில் இரண்டு அவையும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. சைமண்ட்ஸும் ஜெயித்தார்.

உங்கள் பெரியவர் ரிச்மண்ட் போனது அதற்கப்புறம்தான். அதற்குள், நம் மாவட்டம் மாதிரியான 95 கவுண்டிகளில் 90-க்கு மேல், 'துப்பாக்கி உரிமைக்குப் புகலிடம்' என்று தீர்மானம் போட்டிருந்தன. மாநிலச் சட்டத்தை மீறும் அதிகாரம் அந்த ஊராட்சிகளுக்குக் கிடையாது, தீர்மானங்கள் செல்லாது என்று அட்டர்னி ஜெனரல் சொன்னார். செல்லாவிட்டால் என்ன, சொந்த ஊர்க் கூட்டத்தில் வந்து நின்று பேசினார்களே, அதைக் கவனியுங்கள். 2020 ஜனவரி 20 அன்று ரிச்மண்டில் சுமார் 22,000 பேர் கூடினார்கள். சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதம் கூடாது என்று ஆளுநர் அவசரநிலை அறிவித்திருந்ததால், பெரும்பாலோர் துப்பாக்கியோடு வெளியே தெருவில் நின்றார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பெரியவரின் வாதத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. மலைப்பக்கத்தில் போன் செய்தால் ஷெரிஃப் வர நேரமாகும், அதுவரை என் வீட்டை நான்தான் காக்க வேண்டும் என்பார். இதில் நியாயம் இருக்கிறது. என் கருத்து வேறுபாடு இந்த இடத்தில்தான்: வாங்குபவரின் பின்னணியைப் பார்ப்பதாலோ, தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவார் என்ற நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிபதி உத்தரவோடு துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வாங்கி வைப்பதாலோ அவர் வீட்டுப் பாதுகாப்பு எந்த வகையிலும் குறையாது. லோகநாதனும் மாணவர்களும் செத்தது அந்த ஓட்டையால்தான். அவருக்கு இதைப் புரிய வைக்க முடியாது என்று நான் நினைக்கவில்லை.

அந்த 2020-இல் தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வந்தது. ஆபத்தான நிலையில் இருப்பவரின் துப்பாக்கியை வாங்கி வைக்கும் சட்டம் வந்தது. மாதம் ஒரு கைத்துப்பாக்கி திரும்ப வந்தது. மூன்றும் ஜூலை 1 முதல் அமல். ராணுவத் துப்பாக்கி மாதிரியான ஏஆர்-15 போன்றவற்றின் விற்பனையைத் தடுக்கும் மசோதா மட்டும் அந்த வருஷம் நிறைவேறவில்லை. அதை முடக்கியது எதிர்க்கட்சி மட்டும் இல்லை. பிப்ரவரி 17 அன்று மேலவையின் நீதித்துறைக் குழுவில் 10-க்கு 5 என்று ஆய்வுக்கு அனுப்பித் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பத்தில் ஆளுங்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நான்கு பேர் உண்டு. அவர்களில் ஒருவர் ஜான் எட்வர்ட்ஸ், அப்போது உங்கள் ரோனோக்கின் செனட்டர். பிளாக்ஸ்பர்க்கும் அவர் தொகுதியில்தான் இருந்தது. 32 கற்கள் நிற்கும் ஊரின் பிரதிநிதி. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அறையில் முடிவெடுத்தது 15 பேர். அதில் ஒருவர் உங்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

2021-இல் ஆட்சி மாறியது. அப்போது ஆளுநராகத் தேர்வான கிளென் யங்கின் 2024-இல் இப்படிப்பட்ட மசோதாக்களை வரிசையாக வீட்டோ செய்தார். 2022-இல் உச்ச நீதிமன்றம், நியூயார்க் வழக்கில், எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கும் வரலாற்றில் முன்மாதிரி காட்ட வேண்டும் என்று சொன்னது. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கலாம் என்று 8-க்கு 1 என ஒப்புக்கொண்டது. கதவு முழுக்க மூடவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? குடியுரிமை வாங்கி ஆறு வருஷம் என்கிறீர்கள். அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டிருப்பீர்கள். கீழவைத் தேர்தல் வர்ஜீனியாவில் ஒற்றைப்படை வருஷத்தில் வரும். அதிபர் தேர்தல் சத்தம் இருக்காது, தொலைக்காட்சியில் ஆரவாரம் இருக்காது. நம் ஆட்கள் நிறையப் பேர் அன்றைக்கு வழக்கம்போல ஆபீஸ் போய்விடுகிறார்கள். என் உறவினர் வீட்டில் அந்த அக்டோபரில் வாசல் புல்தரையெல்லாம் பெயர்ப்பலகைகள். இவர் யார் என்று கேட்டேன். "ஏதோ ஸ்டேட் எலக்‌ஷன் மாமா" என்றாள். அவளுக்கும் ஓட்டு இருந்தது. அன்றைக்கு நானும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் நாளன்று, துப்பாக்கி உரிமைக்காரர்கள் வருஷா வருஷம் ரிச்மண்ட் போய்த் தங்கள் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறார்கள். கூட்டத்தொடர் நீளமான வருஷத்திலேயே 60 நாள்தான். பல மசோதாக்கள் சில வாரங்களிலேயே குழுவில் செத்துவிடும். அதனால் முதலிலேயே போகிறார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

அடுத்த ஜனவரியில் பெரியவர் கிளம்பினால், நானும் வரட்டுமா என்று கேளுங்கள். மூன்று மணி நேரப் பயணம், பனியில் உங்கள் காரை இழுத்தவர் கட்டாயம் ஏற்றிக்கொள்வார். வழியில் பிளாக்ஸ்பர்க் கதையை, அந்தப் பட்டியலில் விடுபட்ட பெயரை, அவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்வதையும் கேளுங்கள். அங்கே போய் அவர் தன் உறுப்பினரிடம் தன் பேச்சைப் பேசட்டும். நீங்கள் உங்கள் உறுப்பினரின் அறைக்குப் போய், உங்கள் மகள் தும்மலைப் பற்றிக் கேட்டதை அவள் கேட்டபடியே சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.