மேகம் ஏன் கீழே விழவில்லை?

வணக்கம். தாம்பரத்தில் வசிக்கிறேன். மகள் ஒன்றாம் வகுப்பு. மேக வகைகள் அச்சிட்ட சார்ட் ஒன்று வாங்கி மாட்டினேன். எல்லாப் பெயரையும் ஒப்பித்துவிட்டாள். ஆனால் மாடிக்குக் கூட்டிப்போய் ‘இது என்ன மேகம்?’ என்றால் விழிக்கிறாள். ‘மேகம் ஏம்மா கீழ விழல?’ என்று என்னைக் கேட்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல் வையுங்கள், பிறகு உதவும். அதில் ஒவ்வொரு மேகமும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். வானத்தில் திரள் மேகத்துக்கு மேலே கீற்று மேகம், நடுவே எந்தப் பெயரிலும் அடங்காத ஒன்று. பெரியவர்களே தடுமாறுவார்கள். இந்தப் பிரிவுகளை லத்தீன் பெயர்களோடு 1802இல் லண்டனில் முன்வைத்த லூக் ஹோவர்ட், மருந்து தயாரிப்பவர். சிறுவயதிலிருந்தே வானம் பார்த்தவர், பெயர் வைத்தது முப்பது வயதில். உங்கள் மகளுக்கு மட்டும் என்ன அவசரம்?

அவள் கேள்விக்கு வருகிறேன். மேகம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மேகத்துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான்; நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே இறங்கும். கீழிருந்து எழும் காற்று அதைவிட வேகமாகத் தூக்கிவிடுகிறது. அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால் 2 மி.மீ. மழைத்துளி ஒன்று. அதைக் காற்று தாங்காது. இதெல்லாம் உங்களுக்கு. அவளுக்கு, காலையில் ஜன்னல் வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதைக் காட்டி, ‘இது ஏன் விழல?’ என்று திருப்பிக் கேளுங்கள். ஆறு வயதுக்கு அது போதும்.

அப்புறம், சென்னைப் பக்கம் இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மேகம் கடல் பக்கமிருந்து வரும். இரவிலும் விடியலிலும் கொட்டும். தினமும் மாடியில் ஒரே இடத்தில் நின்று, ஏதாவது ஒரு தண்ணீர்த் தொட்டியைக் குறியாக வைத்து, தாழ்வான மேகம் போகும் பக்கம் காலண்டரில் ஓர் அம்புக்குறி போடட்டும். எழுதவே வேண்டாம். செப்டம்பரில் ஆரம்பித்தால், நவம்பரில் அம்பு திரும்பியிருப்பதை அவளே கவனிப்பாள். அதுவரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். கஷ்டமான வேலை அதுதான். உயரத்தில் இருக்கும் மேகம் வேறு திசையில் போவதையும் ஒருநாள் கேட்பாள், கேட்கட்டும்.

மழை அளக்க, அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள கண்ணாடி டம்ளரும் ஒரு ஸ்கேலும் போதும். சுவர், மரம் ஒட்டாமல் வெட்டவெளியில் வையுங்கள். வளைந்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில் தப்புக் கணக்கு காட்டும். வானிலை நிலையத்தில் காலை 8.30க்கு அளப்பார்கள், ஸ்கூல் வேன் அதற்குள் வந்துவிடும் என்பதால் ஏழு மணிக்கே பார்க்கட்டும். பேப்பரில் வரும் மீனம்பாக்கம் அளவோடு அவள் அளவு ஒத்துப்போகாது. தப்பாக அளந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஒரே சாயங்காலத்தில் அங்கே கொட்டி இங்கே தூறுவது நம் ஊரில் சகஜம்.

இடி கேட்டால் மட்டும் உடனே மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணும் விளையாட்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் மின்னல் எவ்வளவு தூரம் என்று தெரியும்.