3,000 மீட்டர் ஆழத்தில் எங்கள் 50 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, எதிரொலியால் ஆழம் அளக்கும் கருவி) கடல்தரையைக் காட்டவில்லை. 1 கிலோவாட்டுக்குப் பதில் 2 கிலோவாட் போட்டால் சரியாகுமா?

ஆகாது. பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் (ஒலியின் வலிமையை விகிதமாகச் சொல்லும் அலகு). உங்களுடையது 50 கிலோஹெர்ட்ஸ் என்கிறீர்கள். அந்த அலைவரிசையைக் கடல்நீர் கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் விழுங்கும். போக, வர என்று கணக்கிட்டால் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 30. ஆகவே அந்தச் செலவுக்கு 100 மீட்டர் கூடக் கூடுதலாகத் தெரியாது. 12 கிலோஹெர்ட்ஸில் இந்த இழப்பு கிலோமீட்டருக்கு 1 டெசிபெல்லை ஒட்டித்தான். ஆழ்கடல் சர்வே கப்பல்கள் 12-ஐ விடாமல் பிடித்திருப்பது இதனால்தான்.

ஆனால் 12-க்கு இறங்கினால் டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை ஒலியாக்கி அனுப்பி, எதிரொலியை வாங்கும் பகுதி) பெருத்துவிடும். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முகம் தரும் ஒலிக்கற்றை ஏறத்தாழ 12 டிகிரி அகலம். 3,000 மீட்டரில் அது தரையில் 600 மீட்டருக்கு மேல் பரந்து விழும். 1 டிகிரி கற்றை வேண்டும் என்றால் டிரான்ஸ்டியூசர் வரிசையே 8 மீட்டர் நீளம் போகும்.

முகம் பெரிதாக இருக்க இன்னொரு காரணம் கேவிட்டேஷன். நீர்மட்டத்தருகே தொடர் ஒலிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 வாட்டைத் தாண்டினால் முகத்தின் முன்னே நீர் கிழிந்து குமிழிகள் உண்டாகும். 5 மீட்டர் ஆழத்தில் வரம்பு இருமடங்குக்கு மேல் உயரும். துடிப்பு சில மில்லிசெகண்டே என்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும். அந்த ஆழத்தில் தொடர் ஒலிக் கணக்குப்படி 2 கிலோவாட் ஒலிக்குச் சுமார் 3,000 சதுர சென்டிமீட்டர் தேவை. பவரைக் கூட்டக் கூட்ட எதிரொலி கூடாமல் நின்றால், சில சமயம் குறைந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

டிரான்ஸ்டியூசருக்குள்ளே இருப்பவை பெரும்பாலும் டான்பில்ஸ் வகை: முன்னால் லேசான அலுமினியத் தலை, பின்னால் கனமான எஃகு, நடுவே பிஇசட்டி (மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும்) பீங்கான் வளையங்கள், எல்லாவற்றையும் இறுக்கும் ஒரு போல்ட். ஜெர்மனில் 'ஒலிக் காளான்' என்று பொருள்; பார்க்கவும் அப்படித்தான். பீங்கான் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. போல்ட் தளர்ந்தால் முழுப் பவரில் விரிசல் விடும். டிரை டாக்கில், முகத்தின் முன் நீரின்றி, முழுப் பவரில் ஓட்டிப் பார்ப்பதும் அதே கதிக்கு வழி.

சோதனைக்கு, கேபிளை டிரான்ஸீவரிலிருந்து (துடிப்பை அனுப்பி வாங்கும் மின்னணுப் பெட்டி) கழற்றுங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்கும் மின்னழுத்தத்தில் இன்சுலேஷனை மெக்கரால் (இன்சுலேஷன் மின்தடை அளக்கும் மீட்டர்) அளந்தால் பல மெகாஓம் வர வேண்டும். பிறகு எல்சிஆர் மீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்): பொருத்திய அன்று எடுத்த அளவைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு பீங்கானோ இணைப்போ போய்விட்டது. அன்றே அளந்து எழுதி வைக்காதவர்கள்தான் அதிகம்.

இதற்கெல்லாம் முன்னால், தரை தெரியக்கூடிய 500 மீட்டர் ஆழத்தில் இன்ஜினை நிறுத்தி மிதக்கவிட்டுப் பாருங்கள். நின்றால் தரை தெளிவாகி, ஓடும்போது மறைந்தால் கோளாறு பெரும்பாலும் டிரான்ஸ்டியூசரில் இல்லை. ஒன்று, முன்முனை அலையில் அடிக்கும் காற்றுக்குமிழிகள் கீழிறங்கி முகத்தை மூடுகின்றன; அல்லது இன்ஜின், புரொப்பல்லர் சத்தம் எதிரொலியை மூழ்கடிக்கிறது. குமிழிகள்தான் என்றால், முகத்தைக் கப்பலடியிலிருந்து கீழே தள்ளி ஒரு பிளிஸ்டரிலோ (அடியில் புடைத்த உறை) காண்டோலாவிலோ (அடியில் தொங்கும் கூடு) வைக்க வேண்டும்.