தங்கச்சிக்கு வீடா, எனக்குப் படிப்பா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்புப் பக்கம், பெரியகல்லாறு. வயது 26. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துவிட்டு, கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 50 ஆயிரம். அரசாங்க வேலை வரும், பொறு என்கிறார் அப்பா. கட்டாருக்குப் போ, தங்கச்சியின் வீட்டை முடிக்க வேண்டும் என்கிறார் அம்மா. எனக்கு ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் தொழில் பரீட்சைக்குப் படித்து அந்தத் துறையில் மேலே போக ஆசை. கூட்டாளிமாரோ, ‘2022இல் காசு கடதாசியாகிப் போனதைப் பார்த்தோம்தானே, சேர்த்து என்ன செய்ய? பாஸ்போட்டை எடு’ என்கிறார்கள். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கள் வயதுக்காரருக்குக் காசின் அருமை தெரியாது என்று நீங்களும் நினைக்கிறீர்களா?

ர.

அன்புள்ள தம்பி,

நினைக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஒரு வருடத்துக்குள் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியிருந்தது. அந்த வருடத்துக்கு ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) கொடுத்த வட்டி 9 சதவீதம். ஒழுங்காகச் சேர்த்தவர்தான் அதிகம் இழந்தார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வங்கிப் புத்தகத்தைச் சந்தேகமாகப் பார்ப்பதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பா சொல்வதும் காரணமில்லாமல் இல்லை. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய்க்கு. பொறுத்தவருக்குக் கிடைத்தது என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அது தேர்தலையும் திறைசேரியையும் பார்த்து வருகிற விசயம். விண்ணப்பம் கோரினால் போடுங்கள், அதற்காகச் செய்கிற வேலையை விடாதீர்கள். அவ்வளவுதான்.

வீட்டு விசயத்துக்குத்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். சொத்தைத் தாய்வழியில் கொடுத்த மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் வழக்கொழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் வீடு மகளுக்கு, மருமகன் வந்து குடியிருப்பார் என்ற வழக்கம் நம் பக்கத்தில் தமிழரிடமும் இருக்கிறது, முஸ்லிம்களிடமும் இருக்கிறது. அதை நான் பழிக்க மாட்டேன். யுத்தத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் தெருவுக்கு வராமல் இருந்தது வீடு தங்கள் பெயரில் இருந்ததால்தான். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றைக் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயருக்கு எழுதினார்கள். இந்த ஊர்ப் பெண்களிடமிருந்து எதைப் பறிக்கிறோம் என்று எழுதியவர்களுக்கு விளங்கியிருக்காது.

சரி, அந்த வீட்டை யார் கட்டுவது? முன்பு வயல் கட்டியது. இப்போது அண்ணன்மார் கட்டுகிறார்கள். நீங்கள் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே பாருங்கள், பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என்று வழி நெடுக. அத்திவாரம் ஒரு லீவுக்கு, சுவர் அடுத்த லீவுக்கு, கூரை அதற்கடுத்த லீவுக்கு. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை, ஆனால் தூணின் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கும். கேட்டால் மேல்மாடிக்காம். மேல்மாடி யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை, பக்கத்து வளவில் போட்டிருக்கிறார்கள். இதற்காக 22 வயதில் கட்டாருக்குப் போன பொடியன் 32இல் வருகிறான். பத்து வருட உழைப்பு சீமெந்தாகிவிட்டது, கையில் ஒரு தொழில் சான்றிதழ் இல்லை. அவன் குடியேறப் போவது மனைவியின் அண்ணன் கட்டிய வீட்டில்.

ஆகவே எங்கே சேமிப்பது என்ற கேள்விக்கு முன்னால், உங்கள் 50 ஆயிரத்தில் உங்களுடையது எவ்வளவு என்பதை வீட்டில் பேசித் தீர்க்க வேண்டும். அம்மாவிடம் தொகையாகக் கேளுங்கள். இரண்டு அறை, குசினி, குளியலறை, கூரை, இவ்வளவுக்கு இன்னும் எவ்வளவு தேவை? மாதம் இவ்வளவு தருவேன், மிச்சம் என் படிப்புக்கு என்று சொல்லிவிடுங்கள். ஏ.ஏ.ரி. நல்ல தெரிவு. பகலில் பார்க்கிற வேலையைத்தான் இரவில் படிக்கப் போகிறீர்கள். அதற்கு அம்மாவின் நகையை அடகு வைக்கவும் தேவையில்லை. விதைப்புக்கு அடகு போகிற நகை அறுவடையோடு மீளும். லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கிற தனியார் பட்டங்களுக்கு அப்படி ஒரு அறுவடை மாதம் கிடையாது. ரைல்ஸ் போட அம்மாவின் பெயரில் நுண்கடன் எடுக்கலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் வரையான கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வரவேண்டி இருந்தது.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. கடையில் ஈ.பி.எஃப். கட்டுகிறார்களா? 50 ஆயிரம் சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது 4,000, முதலாளி போட வேண்டியது 6,000. ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று இன்னுமொரு 1,500, அதுவும் அவருடையது. ஒரேயொரு ஆள் வேலைக்கு இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். ‘அதையும் சேர்த்துத்தானே சம்பளம் தாறோம்’ என்பார்கள், அப்படிச் சட்டத்தில் இல்லை. 9 சதவீதம் தந்த நிதிதானே என்பீர்கள். உண்மை. ஆனால் அந்த 7,500 உங்கள் சேமிப்பே இல்லை, உங்களுக்கு வரவேண்டிய கூலி. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், உங்கள் உறுப்பினர் இலக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

மிஞ்சுவதை வங்கியில் போடுங்கள். ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. ஊர்ச் சீட்டு சின்னத் தொகைக்குப் பரவாயில்லை, பிடிக்கிறவரைத் தெரிந்திருந்தால்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடிதத்தில் அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறார், கூட்டாளிமாரும் பேசுகிறார்கள். தங்கச்சி பேசவில்லை. அவர் என்ன படிக்கிறார், வேலைக்குப் போக நினைக்கிறாரா, கல்யாணத்துக்கு இப்போது என்ன அவசரம், ஒன்றும் எழுதவில்லை. அம்மாவோடு கணக்குப் பார்க்கிற அன்று அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வீட்டு உறுதியை அவருடைய பெயருக்குத்தானே எழுதப் போகிறீர்கள்.